வேலை உண்டு, கட்டில் இல்லை: புடாபெஸ்ட்டுக்கு வந்த சின்ன ஊர்ப் பிள்ளைகளின் ஹங்கேரியப் படங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஹங்கேரியப் பெண் இயக்குநர் மேசாரோஷ் மார்தா 1968இல் எடுத்த ‘எல்தாவொசோத் நாப்’ படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அரசு இல்லத்தில் வளர்ந்த எர்ஷி புடாபெஸ்ட்டில் ஒரு நெசவாலையில் வேலை செய்கிறாள். பெற்ற தாயைத் தேடிக் கிராமத்துக்குப் போகிறாள். தாயோ அவளைத் தன் கணவனிடமும் ஊராரிடமும் உறவுக்காரப் பெண் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். எர்ஷி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாமல் நகரத்துக்குத் திரும்பிவிடுகிறாள். “இதில் என்னதான் நடந்தது, ஏன் அவள் வாயைத் திறக்கவில்லை, இது அன்றைய அரசைக் குத்திக்காட்டும் படமா, இதே மாதிரி சின்ன ஊர்ப் பிள்ளைகள் பெருநகரத்துக்கு வரும் ஹங்கேரியப் படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்” என்பது உங்கள் கேள்வி. எனக்குப் படுவது, நீங்கள் கேட்க வந்தது கடைசிப் பட்டியலை அல்ல. வேலையும் சம்பளமும் இருக்கிற ஒரு பெண் ஏன் எங்கேயும் ஒட்டாமல் நிற்கிறாள் என்பதைத்தான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஊரைவிட்டு நகரத்துக்கு வருகிற இளைஞன் கதை என்றதும் நம் மனம் வேலை தேடும் கதைக்குத் தயாராகிவிடுகிறது: படிகள் ஏறி இறங்குவது, சிபாரிசுக் கடிதம், பசி, கடைசியில் ஒரு வேலை. ஐம்பதுகளுக்குப் பிந்தைய ஹங்கேரியில் அந்தக் கதைக்கு இடமே இல்லை. ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. கைகால் உள்ள யாருக்கும் வேலை உண்டு. வேலை இல்லாமல் திரிவதுதான் குற்றம். 1954இல் கொண்டுவந்த அடையாளப் புத்தகத்தில் உங்கள் முகவரியோடு பணியிடமும் பதிவாகியிருக்கும். தெருவில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் அதைக் காட்ட வேண்டும். பணியிடப் பக்கம் காலியாக இருந்தால் ‘பொதுநலனுக்கு ஆபத்தான வேலைத் தட்டிக்கழிப்பு’ என்ற பிரிவில் வழக்குப் போடலாம். 1989 வரை அந்தப் பிரிவு சட்டத்தில் இருந்தது. ஆகவே இந்தப் படங்களில் யாராவது ஆலை வாசலில் நுழைந்தால் அது சாதனையாகவோ திருப்பமாகவோ காட்டப்படாது. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். பார்க்கிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் ‘கதை நகரவில்லை’ என்று சலித்துக்கொள்கிறார்கள்.

கிடைக்காதது வீடு. முதல் உலகப் போரில் தோற்றபின், 1920இல் திரியானோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் பழைய நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. நாடு என்ற உடல் சுருங்கி, தலைநகர் என்ற தலை மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. 1950இல் சுற்றியிருந்த 7 நகரங்களையும் 16 கிராமங்களையும் சேர்த்துப் பெரும் புடாபெஸ்ட் ஆக்கியதும் அந்தத் தலை இன்னும் வீங்கியது. 1970 கணக்கில் நாட்டின் ஒரு கோடியே சொச்சம் மக்களில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் தலைநகரில். அடுத்த பெரிய ஊர்களான மிஷ்கோல்ட்ஸும் டெப்ரெட்செனும் தனித்தனியே 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இதனால், ‘நகரத்துக்குப் போகிறேன்’ என்று ஒரு ஹங்கேரியன் சொன்னால் எந்த நகரம் என்று கேட்க வேண்டியதே இல்லை. 1959 முதல் 1961 வரை நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்து முடித்தார்கள். தனக்கென்று நிலம் இல்லாமல் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊரில் உட்கார்ந்திருக்கக் காரணமும் இல்லாமல் போயிற்று. அந்த வெள்ளம் வந்து இறங்கிய இடத்தில்தான் வீட்டுப் பஞ்சம். 1960இல் பதினைந்து ஆண்டில் பத்து லட்சம் குடியிருப்பு என்று திட்டம் போட்டார்கள். கான்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டினார்கள். அப்படியும் வரிசை குறையவில்லை. புதிதாக வந்தவர், நகரத்தில் பல ஆண்டு இருந்து வேலை செய்ததைக் காட்டினால்தான் வீட்டுக்கு மனுவே போட முடியும். அதுவரை அவர் தற்காலிக முகவரிக்காரர். நிரந்தர முகவரி ஊரிலேயே கிடக்கும்.

இந்த இடைக்காலத்தில் தூங்க மூன்று வழி இருந்தது. ஒன்று, ஆலை நடத்தும் தொழிலாளர் விடுதி. ஒரு அறையில் பல இரும்புக் கட்டில்கள், பூட்டு வைத்த தகர அலமாரி ஒன்று, ஆண் பெண் தனித்தனிக் கட்டடம், வாசலில் வருவோர் போவோரைக் கணக்கெடுக்கும் ஆள். இரண்டாவது, யாராவது ஒருவர் வீட்டில் உள்வாடகைக்கு ஒரு அறை; சமையலறையை எந்த நேரத்தில் தொடலாம், குளியலறையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வெந்நீர் என்பதெல்லாம் வீட்டுக்காரம்மா வைத்த சட்டம். மூன்றாவது இன்னும் கீழே: அறைகூட இல்லை, படுக்கை மட்டும் வாடகைக்கு. இரவு வந்து படுத்து விடியலில் எழுந்து போய்விட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெஸ்ட் நகரிலேயே (ஆற்றின் ஒரு கரையில் புடா, மறுகரையில் பெஸ்ட், இரண்டும் சேர்ந்ததுதான் புடாபெஸ்ட்) தொடங்கிய பழக்கம் இது, சோசலிசம் வந்தும் ஒழியவில்லை. இப்போது படத்தைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். யார் எங்கே படுக்கிறார்கள், கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறதா, ஒரு பெண்ணும் பையனும் தனியாக இருக்க எந்த இடத்துக்குப் போகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பூங்கா, படகுத் துறை, நடன அரங்கு, நண்பன் வீட்டார் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை. இப்படங்களில் காதலர்கள் ஓயாமல் நடந்துகொண்டே இருப்பது கவித்துவத்துக்காக மட்டும் அல்ல, உட்கார இடமில்லாததாலும்தான்.

பழைய பெஸ்ட் குடியிருப்புகளின் அமைப்பையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கேமரா அங்கே அடிக்கடி போகும். நடுவில் சதுர முற்றம். ஒவ்வொரு மாடியிலும் முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பி வைத்த திறந்த நடைபாதை. வீட்டு வாசலும் சமையலறை ஜன்னலும் அதைப் பார்த்துத்தான் இருக்கும். ஏழை வீடு என்றால் கழிப்பறை நடைபாதைக் கோடியில், பலருக்கும் பொது. யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன உடுப்பில் என்று மொத்தக் கட்டடமும் பார்க்கும். தெருக்கதவை இரவு பத்து மணிக்குக் காவலாள் பூட்டிவிடுவார். சாவி இல்லாத குடித்தனக்காரர் பிந்தி வந்தால் மணியடித்து அவர் கையில் சில்லறை வைத்தால்தான் உள்ளே போகலாம். கிராமத்தில் அண்டைவீட்டுக் கண்ணிலிருந்து தப்பி வந்தவளுக்கு இங்கேயும் அதே கண்தான், நான்கு மாடிக்கு அடுக்கி வைத்திருக்கிறது.

இந்தப் பின்னணியோடு எர்ஷியிடம் வருவோம். அவளுக்கு வேலை உண்டு, கட்டில் உண்டு. ஊர் மட்டும் இல்லை. மற்றப் பிள்ளைகள் விடுதியில் படுத்துக்கொண்டு ‘ஊருக்குப் போகணும்’ என்று சொல்வதற்கு ஒரு முகவரி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு அது அரசு இல்லத்தின் முகவரி. அவள் கிராமத்துக்குப் போவது பாசத்தைத் தேடி என்பதைவிட, தனக்கும் ஒரு பின்புலம் உண்டா என்று சரிபார்க்கத்தான் என்று நான் வாசிக்கிறேன். தாய் அவளை உறவுக்காரி என்றதும் சோதனை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சண்டை போட்டால் என்ன கிடைக்கும்? மகள் என்று ஒப்புக்கொண்டால் தாயின் குடும்பம் குலையும். குலைந்தாலும் இவளுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைக்கப் போவதில்லை. எர்ஷியின் மௌனத்தைச் சிலர் அடிமைத்தனம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தாய் பொய் சொல்கிறாள் என்பதும் மகள் அதைக் கலைக்கவில்லை என்பதும்தான் படத்தில் உறுதியாக இருப்பவை. ஏன் கலைக்கவில்லை என்பதற்கு இயக்குநர் ஒரு வசனமும் வைக்கவில்லை, முகத்தை மட்டும் நீளமாகக் காட்டுகிறார். அந்த இடத்தை நீங்களோ நானோ நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பியது நம்முடையது என்ற நினைப்பு இருந்தால் போதும்.

அந்த முகம் யாருடையது என்பதும் இந்தக் கதையில் சேரும். எர்ஷியாக வரும் கோவாச் காதி தொழில்முறை நடிகை அல்ல, பாடகி. 1944இல் வெர்பெலேத் என்ற கிராமத்தில் பிறந்தவர், ஏகெர் பக்கம் வளர்ந்தவர். 1965இல் தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் வென்றார், அடுத்த ஆண்டே முதல் நடனப்பாடல் விழாவில் ‘உன் விளையாட்டுப் பொம்மையாக இருக்கமாட்டேன்’ என்ற பாட்டுக்குப் பரிசு வாங்கினார். அன்றைய ஹங்கேரியப் பார்வையாளர் எர்ஷியைப் பார்க்கும்போது, சின்ன ஊரிலிருந்து வந்து தலைநகரில் ஜெயித்த அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் பார்த்தார். ஜெயித்த முகத்தை எடுத்துத் தோற்காமலும் ஜெயிக்காமலும் நிற்கும் பாத்திரத்தில் வைத்தது மேசாரோஷின் சாமர்த்தியம். பாடகி என்றதும் பாட்டுப் படம் எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

மேசாரோஷ் இந்தக் கருவுக்கு வந்ததற்கு வெளிப்படையான காரணம் உண்டு. 1931இல் பிறந்தவர், அப்பா சிற்பி மேசாரோஷ் லாஸ்லோ குடும்பத்தோடு 1936இல் சோவியத் கிர்கிஸ்தானுக்குப் போனார், 1938இல் ஸ்டாலினின் களையெடுப்பில் கைதாகி உயிரிழந்தார். அம்மாவும் இறக்க, சிறுமி வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தார். பிற்பாடு மாஸ்கோவில் திரைப்படம் படித்து, ஏராளமான ஆவணப்படங்கள் எடுத்த பிறகே முதல் கதைப்படத்துக்கு வந்தார். ஹங்கேரியில் ஒரு பெண் இயக்கிய முதல் கதைப்படம் என்றே ‘எல்தாவொசோத் நாப்’ பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. ஆலைக் காட்சிகளில் தறி ஓட்டுகிற கைகளும் ஓய்வு நேரத்தில் சுவரோரம் நிற்கிற பெண்களும் நடிப்பாகத் தெரியாமல் இருப்பதற்கு அந்த ஆவணப்படப் பழக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒளிப்பதிவாளர் ஷோம்லோ தாமாஷ். இன்னொரு ஹங்கேரிய இயக்குநரான யான்ச்சோ மிக்லோஷின், பெரும் வெளிகளில் குதிரைகளும் மனிதர்களும் சுழலும் படங்களை எடுத்தவரும் இவர்தான். அதே ஆள் இங்கே முகத்துக்கு அருகில் வந்து அசையாமல் நிற்கிறார்.

அரசைத் தாக்கும் படமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: அப்படிச் சொல்வது மிகை. இவை எல்லாமே அரசுப் பணத்தில் அரசு ஸ்டூடியோவில் எடுத்தவை. கட்சித் தலைவர் காதார் யானோஷின் ஆட்சியில் பண்பாட்டுத் துறையை நடத்திய ஆத்ஸேல் ஜியோர்ஜின் காலத்தில் படைப்புகளை மூன்று கட்டத்தில் போடுவார்கள்: ஊக்குவிக்க வேண்டியவை, பொறுத்துக்கொள்ள வேண்டியவை, தடை செய்ய வேண்டியவை. நடுக் கட்டத்தின் எல்லை ஓரளவு அகலம், அது எங்கே முடிகிறது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மேசாரோஷ் போன்றவர்கள் அந்த அகலத்தில் வேலை செய்தார்கள். கட்சி என்ற சொல்லையே எடுக்காமல், தொழிலாளர் ராஜ்யத்தில் ஒரு பெண் தொழிலாளி தனியாக இருக்கிறாள் என்று காட்டினால் தணிக்கைக்காரர் எதை வெட்டுவார்? அதற்காக ஒவ்வொரு சாம்பல் நிறச் சுவரையும் அடக்குமுறையின் குறியீடாக வாசிக்க வேண்டியதில்லை. சில சுவர்கள் வெள்ளையடிக்காத சுவர்கள்தான். 1968 என்பதால், அந்த ஆண்டு சோவியத் தலைமையில் பிராக் நகருக்குள் புகுந்த டாங்கிகளையும் படத்துக்குள் தேடுகிறார்கள். ஹங்கேரியப் படைகளும் ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போனது உண்மை, ஆனால் இந்தக் கதை அதைப் பற்றியது அல்ல. அதைவிட அதே ஆண்டு ஜனவரி 1இல் தொடங்கிய புதிய பொருளாதார முறைமை பொருத்தமான பின்னணி: ஆலைகளுக்குச் சொந்தமாக முடிவெடுக்கக் கொஞ்சம் இடம், கடைகளில் வாங்கக் கொஞ்சம் பொருள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அவருடைய ‘சேப் லாஞோக், நெ ஷீர்யாதோக்’, 1970. ‘அழகுப் பெண்களே, அழாதீர்கள்’ என்று பொருள். ஆலைப் பெண் யூலிக்கு அதே கூட்டத்துப் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவள் ஒரு இசைக்காரனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். கதை இவ்வளவுதான். மெட்ரோ, ஷீரியுஷ், கெக்ஸ் போன்ற அன்றைய பீட் குழுக்கள் படம் முழுக்க வாசிக்கின்றன. வசனம் சொல்லாததைப் பாட்டு வரிகள் சொல்கின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை: பாட்டு வரிகளுக்குச் சப்டைட்டில் இல்லாத பிரதியில் பார்த்தால் படத்தில் பாதி போய்விடும், ‘சும்மா கச்சேரி காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று தோன்றும். முதல் பாட்டிலேயே சரிபாருங்கள். வரி வரவில்லை என்றால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். யூலியைச் சுற்றி வருகிற பையன்களை நண்பர் கூட்டமாகப் பார்க்கத் தொடங்கி, போகப்போகக் காவல் படையாகப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். விடுதியும் ஆலையும் குடும்பத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் அதே வேலையைச் செய்யத் தொடங்குகின்றன. மேசாரோஷின் ஆரம்பப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், விமர்சகர்கள் அதிகம் கண்டுகொள்ளாததும் இதுதான்.

மூன்றாவது, 1973இல் வந்த ‘சபாத் லேலெக்ஸெத்’. நெசவாலைப் பெண் யூத்கா ஒரு பல்கலைக்கழக மாணவனிடம் தானும் மாணவி என்று சொல்லிவிடுகிறாள். உண்மை தெரிந்த பிறகும் அவன் பெற்றோர் முன் அந்தப் பொய் தொடர வேண்டியிருக்கிறது. தொழிலாளர் வர்க்கமே ஆளும் வர்க்கம் என்று சுவரெல்லாம் எழுதிவைத்த நாட்டில், ஒரு தொழிலாளி தன் தொழிலை மறைத்தால்தான் மருமகள் ஆகலாம் என்ற நிலை. மூன்றில் இதுதான் கூர்மையாக வெட்டுகிறது. ஆனால் கருத்து கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது, முந்தைய இரண்டின் மூச்சு இதில் இல்லை. இவற்றுக்குப் பிறகு 1975இல் வந்த ‘ஓரோக்பெஃபோகதாஷ்’ பாருங்கள். நடுவயது ஆலைத் தொழிலாளி ஒருத்தியும் அரசு இல்லத்துப் பெண் ஒருத்தியும் பழகும் கதை. எர்ஷியின் கேள்வி இங்கே தாயின் வயதிலிருந்து கேட்கப்படுகிறது. பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது, ஒரு பெண் இயக்குநருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

இனிப் பின்னால் போக வேண்டும். ஹங்கேரியர்களுக்கு ‘ஊரைவிட்டுப் போன பிள்ளை’ என்பது சினிமாவில் பிறந்த கதை அல்ல. 1930இல் இசையமைப்பாளர் பார்தோக் பேலா எழுதிய ‘காந்தாதா புரோஃபானா’ என்ற சேர்ந்திசைப் படைப்பில் ஒரு கிழவனுக்கு ஒன்பது மகன்கள். வேட்டையைத் தவிர வேறெதுவும் கற்றுக்கொடுக்காமல் வளர்க்கிறான். காட்டுக்குள் போனவர்கள் மந்திரப் பாலம் ஒன்றைக் கடந்து கலைமான்களாகிவிடுகிறார்கள். அப்பன் தேடிப்போய், அம்மா காத்திருக்கிறாள், விளக்கேற்றியாயிற்று, மேசையில் சாப்பாடு தயார், வாருங்கள் என்று கெஞ்சுகிறான். மூத்த மான் சொல்கிறது: எங்கள் கொம்பு உங்கள் வாசலுக்குள் நுழையாது, எங்கள் வாய் இனிக் கோப்பையில் குடிக்காது, தெளிந்த ஊற்றில்தான் குடிக்கும். ருமேனியக் கிறிஸ்துமஸ் பாடல்களிலிருந்து எடுத்த கதை. யான்ச்சோவின் ‘ஓல்தாஷ் ஏஷ் கோதேஷ்’ (1963) படத்தில் இந்த இசையே நேராக வருகிறது. லாத்தினோவிச் ஸோல்தான் நடிக்கும் அம்ப்ருஷ் விவசாயக் குடும்பத்தில் பிறந்து புடாபெஸ்ட்டில் அறுவை மருத்துவன் ஆனவன். மூத்த பேராசிரியர் ஒருவரின் அறுவையை அலட்சியமாகப் பார்க்கிறான், கிழவர் அவன் எண்ணத்தைப் பொய்யாக்குகிறார். படித்த நண்பர்களோடு ஒரு நாள் முழுக்க வெறுமையாகச் சுற்றிவிட்டுக் கிராமத்துக்கு அப்பாவைப் பார்க்கப் போகிறான். புல்வெளி நடுவே வீடு, பேச ஒன்றும் இல்லாத அப்பா. மற்றப் படங்களைப் போல இவனுக்கு வீட்டுப் பிரச்சினை இல்லை, எல்லாம் கிடைத்தவன். அதனால்தான் மேசாரோஷ் படங்களுக்குப் பிறகு இதைப் பார்க்கச் சொல்கிறேன். முதலில் பார்த்தால் ஐரோப்பியக் கலைப்பட மனச்சோர்வு என்று தள்ளிவிடத் தோன்றும்.

அம்ப்ருஷ் தலைமுறை தற்செயலாக வரவில்லை. போருக்குப் பிறகு 1946 முதல் 1949 வரை இயங்கிய மக்கள் கல்லூரிகள் விவசாய, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியே அவற்றை மூடியது. அவற்றில் பயின்றவர்களில் பலர் பின்னாளில் எழுதவும் படம் எடுக்கவும் வந்தார்கள். அடுத்த அலையில் வந்த இயக்குநர் கால் இஷ்த்வானும் சின்ன ஊர்க்காரர்தான், பாஸ்தோவில் வளர்ந்தவர். அவருடைய ‘ஷோத்ராஷ்பான்’ (1964) நகரத்தில் நடக்கவில்லை. பெரிய உலகத்துக்குப் புறப்படும் வயதில் இருக்கும் பிள்ளைகள் கோடையில் திஸா ஆற்றில் குளிக்கிறார்கள், ஒருவன் மூழ்கிவிடுகிறான். உடல் கிடைக்கவில்லை. கிழவி ஒருத்தி ரொட்டியில் மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் மிதக்க விடுகிறாள், அது நிற்கும் இடத்தில் பிணம் இருக்கும் என்ற ஊர் நம்பிக்கை. பிள்ளைகளுக்கு அதை நம்பவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. இரண்டு உலகத்துக்கும் நடுவே நிற்பது என்றால் என்ன என்று வசனமில்லாமல் சொல்லிக்கொடுக்கும் காட்சி அது. நேரம் இல்லாதவர்கள் வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

சோசலிசத்துக்கு முந்தைய வடிவம் வேண்டுமானால் ஃபாப்ரி ஸோல்தானின் ‘ஏதெஷ் அன்னா’, 1958. எழுத்தாளர் கோஸ்தோலானி 1926இல் எழுதிய நாவல். 1919இல் ஹங்கேரியில் சில மாதமே நின்ற சோவியத் குடியரசு கவிழ்ந்த கையோடு, புடா பக்கத்துக் கிறிஸ்தினா நகர்ப் பகுதியில் ஒரு கனவான் வீட்டுக்கு வேலைக்காரியாக வரும் கிராமத்துப் பெண் கடைசியில் எஜமானனையும் எஜமானியையும் கொன்றுவிடுகிறாள். அவள் படுப்பது சமையலறையில். அன்னாவாக வரும் தோரோச்சிக் மாரியும் பேய் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கொலைக்குக் காரணம் என்ன என்று நாவலும் ஒற்றை வரியில் சொல்லாது, படமும் சொல்லாது. படம் வர்க்கக் கோபத்தின் பக்கம் சற்றுச் சாய்கிறது, நாவலைப் படித்தால் அந்தச் சாய்வு தெரியும்.

எழுபதுகளின் கடைசிக்கு வரும்போது இரண்டு படங்கள். ஷிஃபர் பாலின் ‘சேப்லோ ஜூரி’ (1978): ஸாலா மாவட்டத்து ரோமா (ஜிப்சி என்று அழைக்கப்பட்ட சிறுபான்மை மக்கள்) இளைஞன் ஒருவன் கூட்டாளிகளோடு வேலை தேடிப் புடாபெஸ்ட்டுக்கு வருகிறான். நடிகர்கள் இல்லை, தங்களையே தாங்கள் நடிக்கிறார்கள். ஆவணப்படமா கதைப்படமா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை; சூழலை இயக்குநர் அமைத்தார், அதற்குள் நடந்ததை எடுத்தார் என்று எடுத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது. எல்லோருக்கும் வேலை உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, எந்த வேலை என்பது தோல் நிறத்தைப் பொறுத்தது என்பதை இந்தப் படம் காட்டும். சமூகவியலாளர் கெமேன் இஷ்த்வான் 1971இல் ரோமா மக்களைப் பற்றி நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தினார். ஷிஃபரின் படங்களுக்கு அவர் ஆய்வு அடித்தளம். அதே ஷிஃபர் 1970இல் எடுத்த ‘ஃபெகெதெ வோனாத்’ என்ற குறும் ஆவணப்படத்தையும் கூடவே பாருங்கள். வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து வாரம் முழுக்கத் தலைநகரில் உழைத்துவிட்டு வெள்ளிக்கிழமை ஊர் திரும்பும் ‘கறுப்பு ரயில்’ பற்றியது. நகரத்துக்கு வந்தும் நகரத்துக்காரர் ஆகாதவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தார்கள். மற்றது தார் பேலா 22 வயதில், 1977இல் எடுத்த ‘சலாதி தூஸ்ஃபேசெக்’. ஊர்விட்டு வரும் கதை அல்ல. வீடு கிடைக்காமல் மாமனார் வீட்டு ஒற்றை அறைக்குள் நசுங்கும் இளம் குடும்பம். வீட்டுவசதி அலுவலகத்தில் அந்தப் பெண் கெஞ்சும் காட்சி ஒன்றே மேலே நான் எழுதிய வீட்டுப் பஞ்சப் பத்தி முழுவதற்கும் ஈடு. ஒரு வன்புணர்வுக் காட்சி உண்டு, முன்கூட்டித் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

தேடுவதிலும் பார்ப்பதிலும் சில நடைமுறைச் செய்திகள். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள், நம் இனிஷியல் மாதிரி. நான் இங்கே அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். வெளிநாட்டுத் தளங்களில் மார்தா மேசாரோஷ், பேலா தார் என்று திரும்பிக் கிடக்கும். ஆங்கிலத் தலைப்பில் தேடினால் சங்கடம் உண்டு: ‘எல்தாவொசோத் நாப்’பின் ஆங்கிலத் தலைப்புக்கு வெறுமனே ‘பெண்’ என்றுதான் பொருள், அதே பெயரில் எத்தனையோ படம். ஆண்டையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மேசாரோஷின் பழைய படங்களை ஹங்கேரியத் தேசியத் திரைப்பட நிறுவனம் அண்மை ஆண்டுகளில் டிஜிட்டலில் மீட்டிருக்கிறது, அந்தப் பிரதிகளையே பாருங்கள். பழைய வீடியோப் பிரதிகளில் வெள்ளை எழுத்துச் சப்டைட்டில், தலையணை உறை, பனி, மருத்துவமனைச் சுவர் என்று எந்த வெளுப்பு வந்தாலும் மறைந்துவிடும். சட்டகத்தை டிவி அகலத்துக்கு இழுத்துப் பார்க்கவே வேண்டாம். ஷோம்லோவின் முக நெருக்கங்கள் பூசணிக்காயாகிவிடும்.

கடைசியாக, ரயில் நிலையங்கள். பாத்திரம் எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்று படம் சொல்லாவிட்டாலும் நிலையத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். இரும்பும் கண்ணாடியுமான முகப்பு தெரிந்தால் அது ஈஃபெல் நிறுவனம் கட்டி 1877இல் திறந்த மேற்கு நிலையம்; பெயர்தான் மேற்கு, ஸோல்னோக், டெப்ரெட்சென், ஸெகெத் ரயில்களெல்லாம் அங்கிருந்துதான், எல்லாம் கிழக்கும் தெற்கும். உயர்ந்த வளைவோடு அரண்மனை வாசல் மாதிரி இருப்பது 1884இல் திறந்த கிழக்கு நிலையம். மிஷ்கோல்ட்ஸ் பக்கத்து ஆலை ஊர்க்காரர்கள் அங்கே இறங்குவார்கள், வியன்னா ரயிலும் அங்கேதான் வரும். புடா பக்கத்துத் தெற்கு நிலையம் பாலதோன் ஏரி, ஸாலா பக்கத்து ஆட்களுக்கு. எந்த வழித்தட ரயில் எங்கே நிற்கும் என்பது அவ்வப்போது மாறியிருக்கிறது, படப்பிடிப்பு வசதிக்காக நிலையத்தை மாற்றி எடுப்பதும் உண்டு. ஆகவே இதை ஊகம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.